ராமேஸ்வரத்தில் மலிவாகத் தங்க நினைப்பவர்களுக்கு

டார்மிட்டரியோ சின்ன லாட்ஜோ, முன்பணம் கொடுக்கும் முன் குளியலறைக் குழாயைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். தீவு ஆயிற்றே, பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்காகிவிடும்.

அப்புறம், மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்று கேளுங்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தால் அத்தனையும் ஈரம். கடல்காற்றுக்கு வேட்டி பக்கத்து மாடிக்குப் போய்விடும். நாலு கிளிப் எடுத்துச் செல்லுங்கள். பெட்டிக்குச் சொந்தப் பூட்டும்.

படகுத்துறைப் பக்கம் அறை பிடித்தால் மீன் வாடையும் இன்ஜின் சத்தமும் இலவசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் மட்டும் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.