வீட்டு பியருக்கு மால்ட்: செலவு குறைந்த வழி

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறேன். பியருக்கான மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, ஆன்லைனில் விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் தானியம் கனமாச்சே, அனுப்பும் கூலி சேர்ந்ததும் அந்த லாபம் போய்விடும். அதனால் பியரில் பெரும்பங்கு சேரும் அடிப்படை மால்ட்டை உள்ளூர்க் கடையில் 25 கிலோ மூட்டையாகச் சொல்லிவைத்து வாங்குகிறேன். கடைக்காரர் தன் சரக்கோடு சேர்த்தே வரவழைத்துவிடுவார். 19 லிட்டர் பியருக்குச் சுமார் 5 கிலோ போதும்.

அரைக்காமல் வாங்குவதுதான் முக்கியம். அரைத்தது சில வாரங்களில் மணம் இழக்கும். முழுத் தானியம் காற்றுப் புகாத வாளியில் மாதக்கணக்கில் கெடாது. இதற்காகவே ஒரு கை அரவை மிஷின் வாங்கினேன். உருளை இடைவெளி 1 மி.மீ. அளவில் இருந்தால் உமி அதிகம் நொறுங்காது, வடிகட்டுவதும் சுலபம். நிறத்துக்கும் சுவைக்கும் கொஞ்சமாகத் தேவைப்படும் கிரிஸ்டல், சாக்லேட் மால்ட் வகைகளை மட்டும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்து ஆன்லைனில் வாங்குகிறேன்.