மரபு வில்லில் நாண் இழுக்கும் முறை

மரபு வில்லில் குறிபார்க்கும் கருவியும் இல்லை, முழு இழுப்பில் சுமையைக் குறைத்துத் தரும் கப்பிகளும் இல்லை. நாண் பின்னோக்கி வர வரச் சுமை ஏறிக்கொண்டே போகும். சுமை உச்சத்தை எட்டும் அதே கணத்தில்தான் உடல் அசையாமலும் இருந்தாக வேண்டும். அம்பு தவறினால் குறியையோ விரல் விட்ட விதத்தையோ பலர் குறை சொல்கிறார்கள். என் கணிப்பில் பெரும்பாலான பிழைகள் அதற்கு முன்பே, நாணை இழுக்கத் தொடங்கும்போதே, தோளில் குடியேறிவிடுகின்றன.

வில்லின் மேல் எழுதப்பட்டிருக்கும் பவுண்டு அளவு, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. அதைவிட ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ இழுத்தால் இழுவிசை ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு வரை மாறும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்துக்கு இழுக்காதவரின் அம்புகள் ஒரே உயரத்தில் பாய மாட்டா. உங்கள் இழுப்பு நீளத்தைத் தோராயமாக அறிய, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதன் நுனி வரை அளந்து, 2.5ஆல் வகுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்கும் பெரியவருக்கு 20 முதல் 30 பவுண்டு வரையிலான வில்லே தக்கது. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நீள்விற்களில் பெரும்பாலானவை 100 பவுண்டுக்கு மேற்பட்டவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அக்காலத்து வில்லாளிகள் சிறுவயது முதலே படிப்படியாகக் கனமான விற்களுக்குப் பழகியவர்கள். அந்தப் படிகளைத் தவிர்த்துவிட்டுக் கனமான வில்லை எடுப்பவர், முதுகால் இழுக்க முடியாமல் தோளை உயர்த்தியும் இடுப்பை வளைத்தும் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார். அந்தப் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம்.

வலக்கையால் நாண் இழுப்பவரை மனத்தில் வைத்து இனி விளக்குகிறேன். பாதங்கள் தோள் அகலத்தில், இலக்குக்குப் பக்கவாட்டாக நிற்கட்டும். வில்லின் பிடி இடக்கைப் பெருவிரலின் அடிச்சதையில் அழுந்த வேண்டும்; விரல்கள் இறுக்கிப் பிடித்தால் நாண் விடும்போது வில் முறுக்கிக்கொள்ளும். இட முழங்கையைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பினால் நாண் முன்கையில் அடிக்காது.

நாணைப் பற்றுவதில் பரவலாக உள்ளது மத்தியதரைக்கடல் முறை: சுட்டுவிரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் அம்புக்குக் கீழும் இருக்கும். நாண் விரல் நுனியில் தொங்கக் கூடாது. முதல் மூட்டின் மடிப்பில் ஆழமாகப் பதிய வேண்டும். ஆழமான பிடியில் விரல்கள் தாமாக நழுவாது என்ற நம்பிக்கை கிடைப்பதால், கையின் மற்ற பகுதியைத் தளர்வாக வைக்க முடியும். புறங்கையும் மணிக்கட்டும் ஒரே சமதளத்தில் இருக்கட்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் அம்பின் அடியை நெருக்கினால், இழுக்க இழுக்க அம்பு வில்லை விட்டு விலகும்; ஆகவே சிறு இடைவெளி விடுங்கள். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைக்கும் முறையும் உண்டு. அதில் அம்பு கண்ணுக்கு அருகே வருவதால் குறுகிய தொலைவில் குறிவைப்பது எளிதாகும்.

இழுப்பதற்கு முன்பே இரு தோள்களையும் கீழே இறக்கிவிடுங்கள். இழுப்பு தொடங்கிய பிறகு உயர்ந்துவிட்ட தோளைச் சுமையோடு கீழே கொண்டுவர இயலாது. வில்லை உயர்த்தும்போது வல முழங்கை ஏறத்தாழ மூக்கின் உயரத்தில் இருக்கட்டும். பின்னர் கையை மறந்துவிட்டு முழங்கையை மட்டும் நினைத்து இழுங்கள். கை ஒரு கொக்கி மட்டுமே. முழங்கை முதலில் பின்னோக்கி வந்து, கடைசி இரண்டு மூன்று அங்குலங்களில் முதுகுப்புறமாகச் சுற்றி வளைய வேண்டும். அந்தச் சுற்றலின்போது வலத் தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகரும். அதை உணரும் வரை வில்லை எடுக்காமல், இழுத்தால் நீளும் ரப்பர் மீள்பட்டையால் பழகுங்கள். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் ஒருவரை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னால், சரியான இழுப்பில் அந்த விரல் நெருக்கப்படும். முழுமையாக இழுத்த நிலையை மேலிருந்து பார்த்தால், அம்பும் வல முன்கையும் ஒரே கோட்டில் அமைந்திருக்கும். முழங்கை அக்கோட்டுக்கு வெளியே நின்றால் சுமை முதுகுக்குப் போகாமல் மேற்கையிலேயே தங்கியிருக்கிறது என்று பொருள்.

இடக்கையை முன்னே தள்ளியபடியே வலக்கையைப் பின்னே இழுப்பது இன்னொரு முறை. கனமான நீள்வில்லுக்கு அது உதவும். ஆனால் வில் தாங்கும் தோள் எங்கே நின்றது என்பது ஒவ்வோர் இழுப்பிலும் மாறக்கூடும் என்பதால் தொடக்கத்தில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மங்கோலியா, கொரியா, துருக்கி போன்ற நாடுகளின் மரபில் பெருவிரலால் நாண் பற்றி, சுட்டுவிரலால் அதைப் பூட்டுகிறார்கள். அம்பு வில்லின் வலப்புறம் இருக்கும், பெருவிரலில் வளையம் அணிவதுண்டு. அதன் இழுப்பும், கை வந்து நிலைகொள்ளும் இடமும் வேறு. இரண்டையும் ஒரே காலத்தில் கற்க வேண்டாம்.

கை முகத்தில் வந்து நிலைகொள்ளும் இடம் மாறவே கூடாது. சுட்டுவிரலோ நடுவிரலோ வாயின் ஓரத்தைத் தொடுவது பலருக்கும் பொருந்துகிறது. தலையை நாணிடம் கொண்டுபோகாமல் நாணை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே வந்ததும் இழுப்பு முடிந்தது என்று நினைப்பவரின் நாண், அவர் அறியாமலே அரை அங்குலம் முன்னே ஊர்ந்துவிடும். முதுகின் இறுக்கம் தொடர்ந்துகொண்டே இருக்க, விரல்களைத் திறக்காமல் வெறுமனே தளர்த்தினால், நாண் போனதும் கை தானாகவே காதை நோக்கிப் பின்னே செல்லும்.

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வேட்டைக்குச் செல்பவருக்கு நாண் இழுப்பதே மிக ஆபத்தான அசைவு, ஏனெனில் மான் போன்ற விலங்குகள் அசையாத உருவத்தைவிட அசைவையே விரைவில் கண்டுகொள்கின்றன. விலங்கின் தலை மரத்துக்குப் பின்னே மறையும்போதோ வேறு பக்கம் திரும்பும்போதோ இழுங்கள். வில்லை மேலே தூக்கி இறக்கும் பழக்கம் அங்கே உதவாது. வில் இலக்கை நோக்கியிருக்க, நேராகப் பின்னே வரும் இழுப்பு வேண்டும். குளிரில் நெடுநேரம் அமர்ந்திருந்த பின் தசைகள் இறுகிவிடுவதால், திடலில் எளிதாக இழுத்த வில் காட்டில் கனக்கும். நாற்காலியில் அமர்ந்தும் மண்டியிட்டும் வில்லை அசைக்காமல் இழுக்க முடியவில்லையென்றால், வேட்டைக்கு அந்த வில் உங்களுக்குக் கனம் மிகுந்தது. விலங்குக்குத் தேவையான குறைந்தபட்ச இழுவிசையைப் பல இடங்களில் சட்டமே வரையறுத்திருக்கிறது. அதை எட்டும் வரை காத்திருப்பதே விலங்குக்குச் செய்யும் நியாயம். உயரமான மேடையிலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். அப்போதுதான் தோளும் முழங்கையும் பழகிய கோட்டிலேயே இருக்கும்.

இழுத்த நாணை எய்யாமல் திரும்பக் கொண்டுவரவும் பழக வேண்டும். விலங்கு நகர்ந்துவிட்டால், வில்லைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி, விரல்களின் பிடியைத் தளர்த்தாமல், முழங்கை போன வழியிலேயே மெதுவாக முன்னே வரட்டும். அம்பில்லாத நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்; அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் வில்லின் கரங்களுக்கே திரும்பி அவற்றைப் பிளந்துவிடக்கூடும். ஒவ்வொரு பயிற்சியிலும் சில இழுப்புகளை இப்படி எய்யாமலே இறக்கிப் பாருங்கள். கை நடுங்காமல் இறக்க முடிந்தால் அந்த இழுவிசை உங்களுக்குப் பொருந்துகிறது.