ஊரில் இடம் தேடும் முன்: தத்துப் பிள்ளையைச் சிகிச்சைக்குச் சேர்ப்பதில் வளைகுடாப் பெற்றோர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஷார்ஜாவிலிருந்து ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். 11 வயது மகன். ஐந்து வயதில் தத்தெடுத்தவர்கள். வீட்டில் பொருள்களை உடைப்பதும் தங்கையை அடிப்பதும் கைமீறிப் போனதால், தென்னிந்திய நகரம் ஒன்றில் சிறுவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் இடம் வாங்கிவிட்டார்கள். "வியாழக்கிழமை டிக்கெட், அக்கா. அவனிடம் திருவிழாவுக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்" என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் துபாயில் என் தத்து மகளிடம் நான் சொன்னதும் இதேதான். திருவிழாவுக்குப் பதில் பாட்டி வீடு.

பதிவு இல்லாத இடத்தில் சேர்க்கக் கூடாது, கட்டணத்துக்கு ரசீது வாங்க வேண்டும் என்பவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஹாஸ்டலைச் சிகிச்சை என்று எண்ணுவது

உறவினர்கள் முதலில் சொல்லும் யோசனை, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு விடுதிப் பள்ளி. அங்கே கட்டுப்பாடு கிடைக்கும், சிகிச்சை கிடைக்காது. வாழ்க்கையின் முதல் ஆண்டுகளை வரிசைக் கட்டில்களில் கழித்த குழந்தையை மறுபடியும் வரிசைக் கட்டிலுக்கு அனுப்புவதாகவே அது முடியும். ருமேனியாவின் புக்கரெஸ்டில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்கள், இல்லத்திலேயே இருந்தவர்களைவிடத் தேறினார்கள். எனவே தங்கும் சிகிச்சை என்பது ஆபத்து இருக்கும்போது, குறுகிய காலத்துக்கு, வீடு திரும்பும் திட்டத்தோடு மட்டுமே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறாரைச் சேர்க்கும் முன் இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களின் வார்டிலிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளரோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "முதல் மூன்று மாதம் பெற்றோர் வரக் கூடாது" என்று ஓர் இடத்தில் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பொய் சொல்லி அழைத்துப் போவது

என் மகளுக்கு அப்போது 12 வயது; நான்கு வயதில் எங்களிடம் வந்தவள். விமான நிலையத்தில் பெரிய சூட்கேஸை எடைமேடையில் தூக்கி வைத்தபோது, "பாட்டி வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு துணி?" என்று கேட்டாள். ஒரு கல்யாணம் இருக்கிறது என்றேன். அது இரண்டாவது பொய். மருத்துவமனையில், உயரமும் எடையும் பார்க்கச் செவிலியர் அவளை உள்ளே அழைத்துச் சென்ற நேரத்தில் நான் வெளியேறிவிட்டேன், ஏனெனில் "சொன்னால் அழுவாள், பார்க்காதபோது வந்துவிடு" என்று எல்லோரும் அறிவுரை சொல்லியிருந்தார்கள். துணையாளராக என் தங்கை இருந்தாள். சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதால் அதுவே போதும் என்று நினைத்தேன். திரும்பி வந்த மகள் என் நாற்காலியைப் பார்த்தாள் என்றும், அழவில்லை என்றும், அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள் என்றும் தங்கை பிறகு சொன்னாள்.

அதன் பின் ஆறு வாரம் அவள் உளவியலாளரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. காலை இட்லியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். எங்களிடம் வந்த முதல் ஆண்டில் இருந்து, பிறகு விட்டுப்போன பழக்கம் அது. நோயைத் தொடவே இல்லை, சேர்த்த விதத்தால் வந்த காயத்துக்குத்தான் இதுவரை மருத்துவம் பார்த்தோம் என்று அந்த உளவியலாளர் என்னிடம் நேராகவே சொன்னார். என் கணவரின் நான்கு மாதச் சம்பளம் அதில் போயிற்று. பணத்தை விடுங்கள், ஒருமுறை விட்டுச் செல்லப்பட்ட குழந்தையை இரண்டாம் முறை விட்டுவிட்டுப் போனவள் நான் என்பதில்தான் எனக்கு இன்றும் என்மேல் எரிச்சல். விடைபெறும்போது "போகிறேன்" என்றுகூடச் சொல்லாமல் "போய் வருகிறேன்" என்று சொல்லும் ஊரில் பிறந்துவிட்டு, பால்வாடி முதற்கொண்டு பிள்ளைகளிடம் மட்டும் நாம் சொல்லாமல் நழுவுகிறோம்.

குறைந்தது பத்து நாள் முன்பாகவே, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். எங்கே படுப்பாய், யார் கூட இருப்பார், எந்தக் கிழமை எந்த நேரம் போன் வரும் என்று சொல்லுங்கள். நாள் கணக்கு தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், "ரெண்டே நாள்" வேண்டாம். இது தண்டனை இல்லை என்பதோடு, தத்து ரத்தாகாது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்காது, ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். பெற்றோரில் ஒருவர் விடுப்பு எடுத்து மருத்துவமனைக்கு அருகில் வீடு பிடித்துத் தங்குவது, நான் கட்டிய கட்டணத்தைவிடக் குறைந்த செலவு.

ஷார்ஜா தம்பதி டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு மகனிடம் உண்மையைச் சொன்னார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, "திரும்பி வர எனக்கும் டிக்கெட் போட்டிருக்கா?" அம்மா கைப்பேசியில் அவன் பெயரைக் காட்டினார்.

காராவின் தாள்களைப் பெட்டியிலேயே பூட்டி வைப்பது

தத்தெடுக்கும் முன் காரா (இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு ஆணையம்) வழியாக நமக்குக் கிடைத்த குழந்தை ஆய்வறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டியவை. "தத்து என்று தெரிந்தால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள்" என்று மறைத்தவர்களை அறிவேன். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்ற கேள்விக்கு அவர்கள் தங்கள் குடும்பத்து விவரத்தை எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவர் அதை நம்பினார்.

இறுக்கிப் பிடித்து அடக்கும் 'சிகிச்சை'

வேண்டாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவில் 10 வயதுத் தத்துச் சிறுமி ஒருத்தி, 'மறுபிறப்பு' என்ற பெயரில் போர்வைக்குள் சுருட்டி அழுத்தப்பட்டு மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அம்முறையைத் தடைசெய்தது.

விசா

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரகக் குடியிருப்பு அனுமதி பொதுவாகச் செல்லாததாகிவிடும். சேர்க்கும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மருந்தோடு திரும்புவது

கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பையில் இருந்தால் போதும் என்று எண்ணாமல், புறப்படும் முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும். நாங்கள் வாங்கவில்லை, மகள் வீடு திரும்பிய முதல் இரவை விமான நிலையத்தின் ஒரு சிறிய அறையில், என் மடியில் தலைவைத்துத் தூங்கிக் கழித்தாள்.