எடைச்சீட்டு வராமல் நின்ற இரவு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. எடைப்பாலத்துக்கு நான் வைத்தது இரண்டு வைல்ட்ஃப்ளை (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) சர்வர்கள். லாரி எடைகள் முதல் சர்வரின் செய்தி வரிசையிலேயே குவிந்தன. சீட்டு அச்சடிக்கும் இரண்டாவதுக்கு ஒன்றும் போகவில்லை. "தம்பி, பதினோரு லாரி நிக்குது" என்றார் கிராணி அண்ணன்.

சர்வர்களை ஒரே குழுவாகச் சேர்க்கும் கிளஸ்டர் கடவுச்சொல் இரண்டிலும் ஒன்றுதான். குழுவில் எந்தெந்த சர்வர் இருக்கிறது என்று பார்க்கும் ஜேகுரூப்ஸும் இரண்டையும் காட்டியது. அப்புறம்தான் சர்வரின் பதிவேடான லாகில் அந்த வரி கண்ணில் பட்டது: கனெக்டருக்கு (மற்ற சர்வர் வந்து இணைய வேண்டிய முகவரி) 0.0.0.0 செல்லாது, ஹோஸ்ட்நேமுக்கு (கணினியின் பெயர்) மாறுகிறேன் என்று. எல்லா முகவரியிலும் கேட்கட்டும் என்று நான்தான் 0.0.0.0 கொடுத்திருந்தேன். அதனால் வைல்ட்ஃப்ளைக்குள் செய்திகளைக் கையாளும் ஆர்டிமிஸ் தன் ஹோஸ்ட்நேமை அடுத்த சர்வருக்குச் சொல்லியிருக்கிறது. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இல்லாத ஆலையில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்?

இரண்டிலும் பைண்ட் முகவரியாக, அதாவது சர்வர் கேட்கும் முகவரியாக, அந்தந்த சர்வரின் நிஜ ஐபியைக் கொடுத்து மறுபடி தொடங்கினேன். பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது.