துவக்குச் சூட்டுக் காயத்துக்கு கோட் போடுவது எப்படி?

போன கிழமை அக்காவின் மகள் கோல் எடுத்தாள். நான் இருபத்துமூன்று வருடம் பார்த்த அதே ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறை வேலைதான் இப்போது அவளுக்கும்: பி.எச்.ரி. என்னும் நோயாளியின் படுக்கைச் சீட்டைப் பார்த்து, நோய்க்கும் காயத்துக்கும் கோட், அதாவது குறியீட்டு எண், போடுவது. "சின்னம்மா, பி.எச்.ரி.யில் 'வெடிக்காயம், வலது தொடை' என்று மட்டும்தான் இருக்கு. எக்ஸ் 95 போடட்டா?"

"ஒன்றும் போடாதே, எழுந்து வார்டுக்குப் போ" என்றேன். திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு லேசு. வார்டுக்குப் போய் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டுமே.

ஐ.சி.டி. 10 என்னும் சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் சூட்டுக் காயத்துக்கு எப்போதும் இரண்டு வகைக் கோட். உடம்புக்கு என்ன நடந்தது என்பது எஸ் வரிசை. எப்படி நடந்தது என்பது புறக்காரணம். ஆள் உயிரோடு வீடு போனால் எஸ்தான் முதன்மை, மற்றது துணை. இறந்துவிட்டால் தலைகீழ்: அடிப்படைக் காரணமாகப் புறக்காரணம்தான் நிற்கும்.

எஸ் வரிசையில் அதிகம் பிழைப்பது எலும்பில். தொடைச் சதை மட்டும் கிழிந்தால் எஸ் 71.1. தொடை எலும்பின் தண்டும் முறிந்தால் எஸ் 72.3, அதன் பின்னால் ஐந்தாம் இலக்கம். மூடிய முறிவுக்கு 0, திறந்த முறிவுக்கு 1. ஒன்றும் எழுதியிராவிட்டால் மூடியது என்று எடுக்கச் சொல்கிறது விதி. ஆனால் சன்னம் தோலைத் துளைத்துப் போய் உடைத்த எலும்பு எப்படி மூடிய முறிவாகும்? வைத்தியரிடம் கேட்டு எழுதுவித்து, 1 போடு. தொடை நாடி அறுந்திருந்தால் எஸ் 75.0 தனியாக வரும். அதைச் சத்திரசிகிச்சைக் குறிப்பில் தேடு, அனுமதிக் குறிப்பில் இராது.

புறக்காரணத்துக்கு மூன்று கேள்வி. யார், எந்த நோக்கத்தில் சுட்டது? எந்த மாதிரித் துவக்கு? எந்த இடம்? தாக்குதல் என்றால், கைத்துப்பாக்கிக்கு எக்ஸ் 93, ரைபிள், ஷொட்கன் போன்ற பெரியவற்றுக்கு எக்ஸ் 94, வேறு வகைக்கும் வகை தெரியாததற்கும் எக்ஸ் 95. நாலாம் இலக்கம் இடம்: வீடு 0, தெரு 4, கடை 5, வயல் 7. நம் ஊரில் கடற்கரையும் வரும், அது 8. தன்னைத் தானே சுட்டால் எக்ஸ் 72 முதல் 74 வரை. விபத்துக்கு டபிள்யூ 32 முதல் 34. பொலிஸ் கடமையில் சுட்டது வை 35.0.

விபத்தை நான் ஒருமுறை தாக்குதலாக்கியிருக்கிறேன். கந்தளாய்ப் பக்கத்து மனிதர், முழங்காலுக்குக் கீழே நொறுங்கிய கால். 'துவக்குச் சூடு' என்பதைக் கண்டதும் எக்ஸ் 95 போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது வார்டுத் தாதி சொன்னார், காட்டுப்பன்றிக்குக் கட்டியிருந்த கட்டுத்துவக்கின் கம்பியில் கால் தட்டியதாம். யாரோ ஒருவரை வீணாகக் கொலைகாரன் வரிசையில் ஏற்றியிருந்தேன். அன்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே வெடி என்றால் முதலில் பன்றியைத்தான் விசாரிப்பேன்.

கோட் நன்றாக வர வேண்டுமென்றால் குறிப்பு நன்றாக இருக்க வேண்டும். அது அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்குகிறது. இரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை: நேரடி அழுத்தம், கை காலில் பீறிட்டால் காயத்துக்கு மேலே இறுக்குப் பட்டி, கட்டிய நேரத்தையும் எழுத வேண்டும். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் கொடுப்பதானால் காயம் பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள். துளைகளையும் எக்ஸ்ரேயில் தெரியும் சன்னங்களையும் கூட்டினால் இரட்டை எண் வர வேண்டும். ஒற்றையாக வந்தால் எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது. சிதறும் ஷொட்கன் குண்டுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது.

உடுப்பை வெட்டும்போது ஓட்டை வழியாக வெட்டக் கூடாது; கடதாசிப் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிப் பொலிஸிடம் கொடுக்க வேண்டும். எது உள்ளே போன வழி, எது வெளியே வந்த வழி என்று அவசரத்தில் தீர்ப்பு எழுதாமல் அளவு, விளிம்பு, சுற்றிலும் கரி இருக்கிறதா என்று மட்டும் எழுதும் வைத்தியருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போடுவேன். மிச்சத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்துக்கொள்வார்.

இது வெறும் தாள் வேலை என்று நினைப்பவர்களுக்கு 2006 ஜனவரி 2-ஐ ஞாபகப்படுத்துவேன். எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். கைக்குண்டு வெடித்ததாகத்தான் முதலில் சொல்லப்பட்டது. சூட்டுக் காயங்கள் என்பதைப் பிரேத பரிசோதனையும், சுகிர்தராஜன் என்ற ஊடகவியலாளர் எடுத்த படங்களும் காட்டின. அதே மாதம் 24-ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்புறம் பழைய காயக்காரர். யுத்தக் காலத்துச் சன்னத்தை இன்னும் உடம்பில் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. அன்று முறிந்த தொடையின் நோவுக்கு இன்று வந்து படுத்தால் எக்ஸ் 95 இல்லை, எஸ் 72-ஐயும் போடாதே. பின்விளைவு: ரி (T) 93.1, கூடவே வை 89.1.

அவள் வார்டுக்குப் போய்விட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தாள். எக்ஸ் 94.4-ஆம். ரைபிள், தெரு.