கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்: லினக்ஸ் லப்டொப்பில் மவுஸ் அம்பு அடங்காதபோது

எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டு அன்ரி ஒரு சனிக்கிழமை காலை லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். “தம்பி, இதுக்குப் பேய் பிடிச்சிட்டுது. நான் தொடாமலே அம்பு ஓடுது, தானாக் கிளிக் பண்ணுது.” கனடாவில் இருக்கும் மகன் போன முறை வந்தபோது உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன லப்டொப் அது. என் மேசையில் வைத்துத் திறந்தோம். தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை அம்பு சாதுவாக நின்றது. அன்ரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேய் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி ஏ.எல். வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் தட்டச்சு செய்து கொடுக்கிறவன். லினக்ஸ் படித்துப் பட்டம் வாங்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கிப் பழகினேன். அம்பு குழப்படி செய்தால் எல்லோரும் முதலில் டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) தேடுகிறார்கள், பிறகு புதிதாக இன்ஸ்டோல் செய்கிறார்கள். நான் முதலில் கையை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு ஒரு கருவி உண்டு. உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருப்பவர்கள் லிப்இன்புட்-டூல்ஸ் (libinput-tools) என்ற பொதியை நிறுவுங்கள். பிறகு கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘சுடோ லிப்இன்புட் டிபக்-இவென்ட்ஸ்’ (sudo libinput debug-events) என்று அடியுங்கள். (இங்கே தமிழில் எழுதினாலும் அங்கே ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், டிபக்குக்கும் இவென்ட்ஸுக்கும் நடுவே ஒரு சிறு கோடு.) தொடக்கத்தில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் ஓடும். அதன்பின் விரலை அசைத்தால் வரி வரும், எடுத்தால் நிற்கும். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் திரையைப் பாருங்கள். வரி தானாக ஓடினால், ஏதோ ஒரு கருவி பொய்யாக அசைவு அனுப்புகிறது. அது எது என்பதும் வரியின் தொடக்கத்திலேயே இருக்கும்: இவென்ட்5, இவென்ட்9 என்று ஒரு எண். முதலில் ஓடிய பட்டியலில் அந்த எண்ணுக்குரிய பெயரைப் பாருங்கள். விரலால் தடவும் டச்பாடா, கீபோர்ட்டின் நடுவே இருக்கும் சிவப்புக் குமிழா, தொடுதிரையா என்று பிடிபட்டுவிடும். வரி ஒன்றுமே ஓடாமல் அம்பு மட்டும் கூத்தாடினால் பிழை மேலே, டெஸ்க்டொப்பில். ஓடும் வரிகளை நிறுத்த கொன்ட்ரோலையும் சீ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள்.

அன்று மாலை அன்ரி வீட்டுக்கே போனேன். சார்ஜரைச் செருகியதும் வரிகள் மழைபோல் கொட்டின. கழற்றினேன், நின்றது. திரும்பச் செருகினேன், கொட்டியது. லப்டொப்பின் உலோக விளிம்பில் புறங்கையைத் தடவினால் எறும்பு ஊர்வதுபோல ஒரு கிறுகிறுப்பு. கொழும்பில் பழைய வீடுகளில் இது சகஜம். சுவரில் வட்டக் கால் பொயின்ட், சார்ஜரில் சதுரக் கால், இரண்டுக்கும் நடுவே மலிவான ஒரு அடப்டர். மூன்றாவது கால் பார்வைக்கு இருக்கும், உள்ளே கம்பி எதிலும் தொடுத்திராது. எர்த் இல்லாத சார்ஜரில் 230 வோல்ட்டிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் வழியாக லப்டொப்பின் உடம்புக்குக் கசியும். ஆளை அடிக்கப் போதாது, டச்பாட்டைக் குழப்பப் போதும். டச்பாட் வேலை செய்வதே விரல் நெருங்கும்போது கப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேங்கும் அளவு) மாறுவதை அளந்துதான். சார்ஜரிலிருந்து வரும் இரைச்சலையும் அது விரலென்றே எடுத்துக்கொள்ளும். எர்த் சரியாக இருந்தும் மலிவான மாற்றுச் சார்ஜர் இதே வேலையைக் காட்டுவதுண்டு. ஆகவே சோதனை ஒன்றுதான்: சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டுங்கள். அம்பு அடங்கினால் இனி எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். எர்த் உள்ள பொயின்டில் போடுங்கள், வேறு சார்ஜரில் பாருங்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அன்ரி இப்போது பிரிட்ஜ் பொயின்டுக்குப் பக்கத்தில் இருந்துதான் மகனுடன் கதைக்கிறார்.

இந்த ஊர்ப் புழுக்கமும் ஒரு காரணம். வியர்த்த விரலும் ஈரம் பட்ட டச்பாடும் அம்பைத் துள்ள வைக்கும். உலர்ந்த துணியால் இரண்டையும் துடையுங்கள். சாரத்தில் துடைத்தாலும் குற்றமில்லை.

வெளி மவுஸ் என்றால் முதலில் மேசையைப் பாருங்கள். கண்ணாடி மேசையில் சாதாரண ஒப்டிகல் மவுஸுக்குப் பார்க்க ஒரு சொரசொரப்பும் கிடைக்காது, அம்பு தத்தித் தத்திப் போகும். நேற்றைய வீரகேசரியை மடித்து அடியில் வையுங்கள். வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி திக்கினால் ரிசீவர் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும். மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ரிசீவரை லப்டொப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினாலோ ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தாலோ போதும்.

சற்று நேரம் தொடாமல் விட்ட மவுஸ் விழித்தெழ மறுக்கிறதா? யாரோ பவர்டொப் என்ற மின்சிக்கனக் கருவியை ஓட்டி பற்றரியை மிச்சம் பிடித்திருப்பார்கள். ‘சுடோ பவர்டொப்’ (sudo powertop) திறந்து, டப் விசையால் டியூனபிள்ஸ் பக்கத்துக்குப் போய், மவுஸுக்குரிய வரியில் என்டர் அடியுங்கள். ‘குட்’ என்று இருப்பது ‘பாட்’ என்று மாறும். பயப்படாதீர்கள், மவுஸைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதைத்தான் அது கெட்ட பழக்கம் என்கிறது. லப்டொப்பை மறுபடி தொடக்கினால் இந்த மாற்றம் போய்விடும்.

மூடித் திறந்த பிறகு டச்பாட் செத்துக் கிடந்தால் முழுதாக ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. ‘சுடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்’ (sudo libinput list-devices) அடித்து டச்பாட்டின் பெயரைப் பாருங்கள். பெயரில் பிஎஸ்/2 என்று இருந்தால் ‘சுடோ மொட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்’ (sudo modprobe -r psmouse) அடியுங்கள், அடுத்து ‘-ஆர்’ இல்லாமல் அதே வரி. டிரைவரைக் கழற்றி மாட்டுகிறோம், அவ்வளவுதான். பல புது லப்டொப்புகளில் டச்பாட் ஐ2சி என்ற வேறு இணைப்பு வழியாக வரும். அங்கே பிஎஸ்மவுஸுக்குப் பதில் ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ (i2c_hid_acpi).

அம்பு ஓரிடத்தில் நிற்காமல் ஒரே திசைக்கு மெல்ல வழுக்கிக்கொண்டே போனால், சிவப்புக் குமிழ் உள்ள லப்டொப்பா என்று பாருங்கள். குமிழில் விரலை ஒரே பக்கம் சாய்த்தபடி அதிக நேரம் வைத்திருந்தால் அந்தச் சாய்வையே அது நடு என்று எண்ணிவிடும். விரலை எடுத்ததும் எதிர்ப்பக்கம் ஓடும். எல்லாவற்றிலிருந்தும் கையை எடுத்து சில விநாடி பொறுங்கள். தானே சரி செய்துகொள்ளும். அதோடு சண்டை பிடித்தால் நீளும்.

தட்டச்சு செய்யும்போது வரி மாறிக் குதிப்பது என் தொழில் நோய். ஒருமுறை இரசாயனவியல் வினா ஒன்றின் பாதி முந்திய வினாவுக்குள் போய் அச்சுக்கும் போய்விட்டது. உள்ளங்கை ஓரம் டச்பாட்டில் பட்டதுதான் காரணம். ‘தட்டச்சின்போது டச்பாட்டை நிறுத்து’ என்ற செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்காகப் பிள்ளைகள் அதை அணைத்து வைத்திருப்பார்கள். யூஎஸ்பி கீபோர்ட் செருகித் தட்டினால் அந்த செட்டிங் உதவாது, லப்டொப்பின் சொந்தக் கீபோர்ட்டை மட்டுந்தான் அது கவனிக்கும். நான் தட்டினால் கிளிக் ஆவதையே அணைத்துவிட்டேன், அழுத்தினால்தான் கிளிக்.

அம்பையே காணோமென்றால் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பிறகு அதேபோல் எஃப்3க்குப் பதில் எஃப்2 போட்டுத் திரும்புங்கள், மின்டில் எஃப்7. பல சமயம் அம்பு கூடவே வந்துவிடும். அம்பு இருந்தும் டச்பாட் அசையவில்லை என்றால் எஃப் வரிசையில் டச்பாட் படம் போட்ட விசை தவறுதலாக அமுங்கியிருக்கலாம். இன்னொன்று: வெளி மவுஸ் இருந்தால் டச்பாட் ஓய்வெடுக்கட்டும் என்றொரு செட்டிங் உண்டு. என்னிடம் படித்துக்கொள்ள வந்த பொடியன் ஒருவன் மவுஸை வீட்டில் விட்டுவிட்டு, ரிசீவரை லப்டொப்பிலேயே செருகியபடி வந்து, டச்பாட் பழுது என்று நின்றான். லினக்ஸுக்கு அந்த நகத்தளவு ரிசீவரும் ஒரு மவுஸ்தான்.

டச்பாட் அழுத்த முடியாமல் விறைத்து, ஒரு பக்கம் மேலெழும்பி நின்றால் மட்டும் டெர்மினலைத் திறக்காதீர்கள். கீழே பற்றரி வீங்கியிருக்கலாம். லப்டொப்பை அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், டச்பாட்டை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், பற்றரியில் எதையும் குத்தாதீர்கள். மெத்தையில் வைக்காமல் சீமெந்துத் தரையில் தனியாக வைத்துவிட்டு, திருத்துகிறவரிடம் பற்றரி வீங்கிவிட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.