முப்பதடிப் பாய்மரப் படகில் குடித்தனம்

படகில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் முதலில் விசாரிப்பது கழிவறையை, அப்புறம் புயலை. நங்கூரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மலேசியாவின் லங்காவித் தீவில் மரீனா என்னும் வாடகைப் படகுத்துறைக்குள் கட்டினால் வாடகை ஏறிக்கொண்டே போகும். வெளியே நங்கூரம் போட்டு நின்றால் அது மிச்சம். ராத்திரித் தூக்கம் மட்டும் அந்த இரும்பின் பொறுப்பு.

இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் ஆழம் 5 மீட்டர் என்றால், ஏற்றம் 3, தண்ணீருக்கு மேல் படகின் முன்முனை 1, ஆக 9. அதை ஐந்தால் பெருக்கி 45 மீட்டர் சங்கிலி விடுங்கள். ஏற்றத்தை மறந்து 25 மீட்டரோடு நிறுத்துகிறவரின் படகுதான் நள்ளிரவில் பக்கத்துப் படகை இடிக்க வரும்.

காற்றுக்கு எதிர்முகமாக வந்து, படகு நின்றதும் நங்கூரத்தை இறக்குங்கள். படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் குவிந்து சிக்கிக்கொள்ளும். பிறகு எஞ்சினை ரிவர்ஸில் போட்டு, மெல்ல வேகம் கூட்டி இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். கோடு கலைந்துகொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை. சோம்பல் படாமல் எடுத்து மறுபடி போடுங்கள். கடைசியாக ஒரு நைலான் கயிற்றைச் சங்கிலியில் மாட்டி, இழுவையை அதற்கு மாற்றுங்கள். நைலான் நீளும், உதறல் குறையும்.

தென்மேற்குப் பருவத்தில் 'சுமத்ரா' என்று நாங்கள் சொல்லும் சூறை, பெரும்பாலும் விடியலுக்கு முன் மேற்கிலிருந்து பாயும். அதனால் சாயங்காலமே யோசியுங்கள்: காற்று மேற்கிலிருந்து அடித்தால் நம் பின்னால் என்ன இருக்கும்? பாறை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

மற்றவை பழகிவிடும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். குழாய்க்கு மின்பம்பு வேண்டாம், கால்பம்பே போதும். 200 லிட்டர் தொட்டி இரண்டு பேருக்குப் பல நாள் வரும். மழைநீர் பிடிக்கும்போது முதல் சில நிமிடத்து நீரை விட்டுவிடுங்கள், உப்புக் கரிக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடியே ஆகவேண்டும். கசியும் வாயு காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். ஒரு தீப்பொறி போதும்.

பயணம் போக டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் அலை அடங்கியிருக்கும். குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் என்று மூன்று முத்திரையும் வாங்கிக்கொண்டு, தாய்லாந்தின் லிப்பே, ரோக், பீபீ என்று தீவு தீவாகப் பகலில் மட்டும் ஓடி புக்கெட் சேரலாம். இரவில் ஓடாதீர்கள், விளக்கில்லாத மீன்வலைகள் புரொப்பெல்லரில் சுற்றினால், கத்தியோடு நீங்கள்தான் குதிக்கவேண்டும்.